மூஞ்சி பாத்து வாங்குனவரு

ஈப்போவுல ஹெட்போன காதுல வெச்ச ஒடனே, எந்த வால்வு ஆம்ப்ளிஃபையர் நல்லது, எது வெறும் டப்பான்னு சொல்ற காது ஒரே ஒருத்தன்கிட்டதான் இருக்கு. அது நான்தான்.

சரி, பொய்யி. நான் ஏர்கோன் கழுவுறவன். கம்ப்ரெசர் பக்கத்துலயே குந்திக் குந்தி என் காது வெறும் ஓட்டையா போச்சு. பொஞ்சாதி கூப்புட்டா மூணாவது தடவதான் விழும். மொத ரெண்டு தடவ விழுந்தும் விழாத மாதிரி இருக்குறது வேற விசயம். படிப்பும் அப்படித்தான். தோட்டத்து தமிழ்ப்பள்ளியில ஆறாவதோட நின்னுட்டேன். நானா நின்னேனா, வாத்தியாரு நிறுத்துனாரான்னு அந்த வழக்கு இன்னும் முடியல. எழுதச் சொன்னா என் கையெழுத்த எறும்பு கூட படிக்காது. இது கூட நான் வாயால பேசுறதுதான். போனு அதுவா எழுத்தா ஆக்கிக்குது.

இந்த காத நம்பி என்ன கூட்டிக்கிட்டு பேராக் மாநிலம் முழுக்க சுத்துன மனுசன் ஒருத்தரு இருந்தாரு. இல்ல, அதுவும் தப்பு. அவரு என் காத நம்பல. என் மூஞ்சிய நம்புனாரு.

பேரு வேணாம். எங்க குடியிருப்புல, தாமான்ம்போம், எதுத்த வீடு. செட்டிநாட்டுக்காரரு. லிட்டல் இந்தியா பக்கம் சேல கட வெச்சிருந்தாரு, வயசானதும் அண்ணன் மகன்கிட்ட குடுத்துட்டாரு. நான் அண்ணேன்னு கூப்புடுவேன். அவரு வீட்டம்மாவ ஆச்சின்னு கூப்புடுவேன். அவங்க பக்கத்துல கல்யாணமான பொம்பளைய அப்படித்தான் கூப்புடணுமாம். மொத தடவ தெரியாம அக்கான்னு கூப்புட்டு, அண்ணேகிட்ட ஒரு பார்வ வாங்குனேன்.

அந்த பார்வதான் அண்ணே. கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு, அடுத்தவன் மூஞ்சிய பாத்துக்கிட்டே நிப்பாரு. கடையில கத்துக்கிட்ட வித்த. பொம்பளைங்க சேல வாங்க வந்தா, சேலைய விரிச்சி வாங்குறவங்க தோள்ல போடுவாரு. அப்புறம் அவங்கள திரும்பிக்கூட பாக்க மாட்டாரு. கூட வந்த தங்கச்சியோ நாத்தனாரோ, அவங்க மூஞ்சிதான். அங்க ஒரு சின்ன அசைவு தெரிஞ்சா போதும், “இத பேக் பண்ணுப்பா”ம்பாரு. வாங்குறவங்க அதுக்கப்புறந்தான் “ஆமா, இதுதான் எனக்கும் புடிச்சிருக்கு”ம்பாங்க.

“வாங்க வந்தவனுக்கு ஆச வந்து கண்ண மறைச்சிரும் தம்பி. கூட வந்தவனுக்கு பசி மட்டும்தான். பசிச்சவன் மூஞ்சி பொய் சொல்லாது.” இத எத்தன தடவ சொல்லியிருப்பாரோ.

எல்லாத்துக்கும் இதே வித்ததான். டுரியான் சீசன்ல ரோட்டோரம் நிறுத்துவாரு. எல்லாரும் பழத்த தட்டிப் பாப்பாங்க, மோந்து பாப்பாங்க. இவரு பழத்த தொடவே மாட்டாரு. பக்கத்து மேசையில தின்னுக்கிட்டு இருக்குறவன் மூஞ்சிய பாத்துக்கிட்டு நிப்பாரு. அவனுக்கு வெக்கமாயி ஒரு சொள எடுத்து நீட்டுவான். இவரு வாங்காம, கடக்காரன்கிட்ட, “இவருக்கு குடுத்த மரத்துலேருந்து எனக்கும் குடு”ம்பாரு.

மகளுக்கு மாப்பிள்ள பாக்க கோப்பெங் போனப்ப, மாப்பிள்ளைய பாக்கவே இல்லியாம். ஆச்சி சொன்னாங்க. காப்பி கொண்டாந்த மாப்பிள்ளையோட தங்கச்சிகிட்ட, “ஒங்க அண்ணன் எப்பிடிம்மா?”ன்னு கேட்டுட்டு, அந்த புள்ள மூஞ்சிய பாத்தாராம். திரும்பி வரப்ப கார்ல, “முடிச்சிரலாம்”னு ஒரே வார்த்த. அந்த மாப்பிள்ள இன்னிக்கு வரைக்கும் தங்கம். அதனாலதான் அண்ணே வித்த மேல யாருக்கும் சந்தேகமே வந்ததில்ல. அவருக்கும் வரல.

அவருக்கு காது போவுதுன்னு எனக்கு தெரிஞ்சதே ஒரு கூத்து. அவரு வீட்டு ஏர்கோன் கழுவிட்டு, எறங்கி சுவிச்ச போட்டேன். உள்ள ஃபேன் எங்கயோ இடிச்சி, தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுன மாதிரி கடகடகடன்னு சத்தம். எனக்கு மானம் போச்சு. அண்ணே நேரா ஏர்கோனுக்கு கீழ வந்து நின்னு பாத்துட்டு, “பரவால்லியே தம்பி, சத்தமே இல்ல. நல்லா கழுவியிருக்க”ன்னாரு.

நக்கல் பண்றாருன்னு நெனச்சிட்டேன். “ஆமாண்ணே, மவுன விரதம் இருக்கு”ன்னேன். அவரு சிரிக்கல. ஆச்சி அடுப்படியிலேருந்து எட்டிப் பாத்து என்கிட்ட தலைய ஆட்டுனாங்க. அப்பதான் வெளங்குச்சு.

வலது காது சுத்தமா போயிருச்சு. எடது காது போய்க்கிட்டு இருந்துச்சு. டாக்டரு, நிறுத்த முடியாது, இருக்குற வரைக்கும் கேட்டுக்குங்கன்னுட்டாராம். காதுல மாட்டுற மிஷினு வாங்குனாரு. அதுல தட்டு விழுந்தா இடி மாதிரி கேக்குது, பாட்டு தகரம் மாதிரி கேக்குதுன்னு கழட்டி வெச்சிட்டாரு. பாட்டுன்னா உசுரு அவருக்கு. ஒரு பீரோ நெறைய கேசட்டு, சீடி. ஆஸ்திரேலியாவுல இருக்குற மகன் கேள்விப்பட்டு ஒரு ஹெட்போன் அனுப்புனான். பாதித் தேங்கா சைசுல ரெண்டு பக்கமும். வெலைய கேட்டுட்டு, நான் அத ரெண்டு கையாலதான் தூக்குவேன்.

ஆனா அத போன்ல சொருகுனா, பாட்டு கெணத்துக்குள்ள கேக்குற மாதிரி கேட்டுச்சு. அந்த ஹெட்போனுக்கு போனு குடுக்குற தம்மு பத்தலயாம். தனியா ஒரு ஆம்ப்ளிஃபையர் வேணும், அதுலயும் பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு வெச்சதா இருந்தா கொரலு கொழைவா, ஒடம்போட வரும்னு மகன் சொல்லிட்டான். அண்ணே அத புடிச்சிக்கிட்டாரு. இருக்குற கொஞ்ச காதுக்கு நல்ல சத்தமா குடுத்துரணும், காலம் முடியறதுக்குள்ள. அவ்ளோதான் அவரு ஆச.

“என்கூட வாப்பா”ன்னாரு.

“அண்ணே, என் காது ஒங்க காத விட மோசம்லா.”

“ஒன் காத யாரு கேட்டா? மூஞ்சிய எடுத்துக்கிட்டு வா. வர்றப்ப சாப்புட்டு வராத.”

அதான் கண்டிசன். கேட்டு முடிச்சப்பறம்தான் சாப்பாடு. என் வேன்ல கெளம்புவோம். ஒவ்வொரு எடத்துலயும் ஹெட்போன என் தலைல மாட்டி, நாற்காலியில ஒக்கார வெச்சிட்டு, கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு எதுக்க நிப்பாரு. சேல கடைக்கு கூட வந்த நாத்தனாரு மாதிரி நான் குந்திருப்பேன்.

நான் யாரு? தோட்டத்துல கூத்து போட்டப்ப, துடப்பக்கட்டைய வெச்சிக்கிட்டே லயத்து வரிச வீட்டு ஆளுங்க அம்புட்டு பேரையும் சிரிக்க வெச்சவன். மூஞ்சி நான் சொன்ன பேச்ச கேக்கும். ஈப்போ பழைய டவுன்ல ஒரு சீன மொதலாளி கடை, தவுக்கேன்னு கூப்புடுவோம். மொத பெட்டியில பாட்டு ஓடுன ஒடனே கண்ண மூடி, புருவத்த தூக்கி, தலைய லேசா ஆட்டி, ஒரு பெருமூச்சு விட்டேன். எனக்கே அழுவ வந்துச்சு, அவ்ளோ நல்லா பண்ணேன்.

அண்ணே சொன்னாரு: “இது, பொஞ்சாதி எடுத்த சேல புடிக்காம, நல்லாருக்கு வாங்கிக்கன்னு சொல்ற புருசன் மூஞ்சி. கழட்டு.”

தவுக்கேவுக்கு தமிழ் தெரியாது, ஆனாலும் சிரிச்சிட்டான். அடுத்த பெட்டிய வெச்சான். “இது வார்ம் சவுண்டு பாஸ், ரொம்ப சூடு”ன்னு மலாய்ல சொன்னான். நான் ஊரு பூரா குளுரு வித்து பொழைக்கிறவன், இவரு சூடு வாங்க கெளம்பியிருக்காரு பாருன்னு நெனச்சி சிரிச்சிட்டேன். அந்த சிரிப்பையும் அண்ணே தள்ளிட்டாரு. “இது பாட்டுக்கு சிரிச்ச சிரிப்பு இல்ல.”

இப்படியே போச்சு. ஒரு பெட்டியில கொரலு தேனாட்டம், ஆனா பாட்டுக்கு பின்னால ஊம்ம்ம்னு கொசு மாதிரி ஒரு சத்தம். ஒன்னுல வால்வு அழகா செவப்பா எரியுது, பாட்டு காதுல ஊசி குத்துது. “நீங்களே ஒரு தடவ கேட்டுப் பாருங்கண்ணே”ன்னா கேக்க மாட்டாரு. “நான் கேட்டா எல்லாமே நல்லாருக்குன்னு தோணும்ப்பா. எனக்குத்தான் வேணுமே.” அப்புறம் வாழ எல சாப்பாடு. இன்னும் கொஞ்சம் மீன் வெய்யின்னு கடக்காரன்கிட்ட எனக்காக சொல்லுவாரு. நான் திங்கிறப்பயும் மூஞ்சிய பாப்பாரு. “பாரு, இந்த மூஞ்சிதான் எனக்கு வேணும்”பாரு.

கடைசியா பாரிட் புந்தார் போனோம். அங்க வயக்காட்டு ஓரத்துல ஒரு மலாய்க்காரரு, ரிட்டையரானவரு, வீட்டுலயே கையால வால்வு ஆம்ப்ளிஃபையர் செய்றாருன்னு தவுக்கேதான் சொல்லிவிட்டான். நாங்க பாக்சிக்னு, மாமான்னு கூப்புட்டோம். நல்ல மனுசன். ஒரு கறுப்பு பெட்டி, மேல வால்வு வரிசையா. சுவிச்ச போட்டாரு. “துங்கு செகெஜாப், கொஞ்சம் இருங்க, வால்வு சூடாவட்டும், நான் போயி சீடி எடுத்துட்டு வாரேன்”னு மலாய்ல சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

அண்ணேவோட வலது பக்கம் நின்னு சொன்னாரு. அண்ணேவுக்கு அது விழல. பெட்டி எரியுது, மனுசன் போயிட்டாரு, அப்ப பாட்டு ஓடுதுன்னு நெனச்சிட்டாரு. ஹெட்போன எடுத்து என் தலைல மாட்டிட்டு, எதுக்க நின்னுட்டாரு.

நான் காத்துக்கிட்டு இருந்தேன். மத்த பெட்டியெல்லாம் பாட்டுக்கு முன்னாலயே ஊம்ம்னு ஒன்னு போடும். இது போடல. அந்த பாதித் தேங்கா ரெண்டும் காத மூடிக்கிச்சு. ஒன்னுமே இல்ல.

ஒன்னுமே இல்லன்னா எப்படி சொல்றது. நான் பொறந்த லயத்துக்கு பின்னாலயே கித்தா ஃபேக்டரி, அதான் ரப்பரு. பால் ஷீட்ட உருட்டுற மிஷினு ராத்திரி பகலா ஓடும். அப்புறம் வேலைன்னு வந்தா டிரில்லு, கம்ப்ரெசரு. வீட்டுல டிவி, வாட்ஸாப்பு, மாமியா. சத்தம் இல்லாத எடத்துல நான் இருந்ததே இல்லன்னு அங்கதான் எனக்கு தெரிஞ்சுச்சு. மூஞ்சிய நான் ஒன்னும் பண்ணல. அதுவா அவுந்துக்கிச்சு, வேட்டி அவுர்ற மாதிரி. கண்ணுல தண்ணி வேற.

நிமுந்து பாத்தேன். அண்ணேவோட வாயி லேசா தொறந்திருந்துச்சு.

ஹெட்போன அவரே கழட்டுனாரு. “போதும்ப்பா. இதுதான்.”

பாக்சிக் கையில சீடியோட வந்தாரு. அண்ணே அவருகிட்ட, இத எடுத்துக்குறேன்னு கை குலுக்குறாரு. பாக்சிக் என்ன பாத்து, இன்னும் கேக்கவே இல்லியேன்னு மலாய்ல கேட்டாரு. அண்ணேவுக்கு விழல. நான் “தாக் அப்பா பாக்சிக், பரவால்ல”ன்னுட்டேன். அண்ணே சிரிச்சிக்கிட்டு நின்னாரு. அவரு அப்படி சிரிச்சி நான் பாத்ததில்ல.

வேன்ல பெட்டிய முன் சீட்டுல வெச்சி அதுக்கு பெல்ட்டு மாட்டுனாரு. அவரு பின்னால டூல்ஸ் பக்கத்துல குந்திக்கிட்டாரு. தைப்பிங் தாண்டுனதும் கேட்டாரு.

“தம்பி, என்ன பாட்டு ஓடுச்சு?”

“எதுண்ணே?”

“அங்க. நீ கேட்டது. சீடி கடை கடையா நானும் நின்னு பாத்திருக்கேன், ஒரு மனுசன் மூஞ்சி அப்படி ஆனத பாத்ததே இல்லப்பா. அது எந்த பாட்டு? என்கிட்ட இருந்தா இன்னிக்கே கேட்டுருவேன்.”

இங்கதான் நான் சொல்லியிருக்கணும். பாட்டே போடலண்ணேன்னு. மூணு வார்த்த. ஆனா வேன் கண்ணாடியில அவரு மூஞ்சி தெரியுது. எனக்கும் அடுத்தவன் மூஞ்சிய பாக்குற வியாதி அதுக்குள்ள ஒட்டிக்கிச்சு போல. காலையில வேன் ரேடியோவுல ஒரு பழைய காமெடி பாட்டு ஓடுச்சு. ஒருத்தி காணாப்போன கோழிய தேடிக்கிட்டு, வீடு வீடா போயி கேட்டுப் பாடுவா. நடுவுல கோழி வேற கத்தும். வாயில வந்தது அதுதான்.

“அந்த கோழிப் பாட்டாப்பா?”ன்னு அண்ணே திருப்பிக் கேட்டாரு. “நான் அத சாதாரணமா நெனச்சிட்டேனேப்பா”ன்னாரு.

நான் ரோட்ட பாத்து ஓட்டுனேன்.

பின்னால தவுக்கேகிட்ட கேட்டேன், பாட்டு போடாதப்ப சத்தமே வராத பெட்டி நல்லதாடான்னு. அதான்டா நம்பர் ஒன்னுன்னான். ஹெட்போன்ல அந்த ஊம்ம் வராம செய்றதுதான் சூசாவாம், ரொம்ப கஷ்டமாம். அப்ப பெட்டி சரிதான். அண்ணே வித்த ஜெயிச்சிருச்சு. பெட்டிய பத்தி எனக்கு உறுத்தல் ஒன்னும் இல்ல. பாட்டுதான்.

சாயங்காலம் ஆனா அண்ணே நாற்காலிய சொவரு பக்கம் திருப்பி போட்டுக்குவாரு. அடுத்தவன் மூஞ்சிய படிக்கிற மனுசன், தன் மூஞ்சிய யாருக்கும் காட்ட மாட்டாரு. எனக்கு முதுகு மட்டும்தான் தெரியும். வால்வு எரியும். பீரோ நெறைய பாட்டு இருக்கு, எல்லாம் அவரு ஆசையா சேத்தது. அதெல்லாம் விட்டுட்டு கோழிப் பாட்டு. தெனம் கோழிப் பாட்டு.

ஆச்சி வாசல்ல என்ன புடிச்சிக்கிட்டு, “என்னப்பா இது, வேற பாட்டே கெடைக்கலியா ஒங்க அண்ணனுக்கு?”ம்பாங்க.

நான், “நாட்டுக்கோழிக்கு இப்ப மவுசு ஆச்சி”ன்னு சொல்லிட்டு ஓடிருவேன்.

ஒரு நாளு கூப்புட்டு ஒக்கார வெச்சாரு. “ரெண்டாவது சரணம் முடிஞ்சி, தபேலா நிக்கிது பாரு, அவ மூச்சு வாங்குறா. அங்கயாப்பா?”

அவரு தேடுறாருன்னு அப்பதான் எனக்கு புரிஞ்சது. என் மூஞ்சியில பாத்தது அந்த பாட்டுல எங்கயோ இருக்கு, தன் காதுக்குத்தான் புடிபடலன்னு, மிச்சம் இருக்குற காத வெச்சி தோண்டிக்கிட்டு இருக்காரு.

“ஆமாண்ணே, அங்கதான்”னேன்.

“எனக்கும் கொஞ்சம் தெரிஞ்சுச்சு”ன்னாரு. சந்தோசமா சொன்னாரு.

தீபாவளிக்கு, சொல்லிரலாம்னு முறுக்கு டப்பாவோட போனேன். சிரிக்க வெச்சே சொல்லிரலாம்னு வழியில ஜோக்கு கூட ரெடி பண்ணி வெச்சேன். கதவ தொறந்தவரு என் கையில இருந்த டப்பாவ பாத்துட்டு, “எல்லாம் போச்சுப்பா. முந்தா நாளுலேருந்து ஒன்னும் இல்ல”ன்னாரு, அவரு கொரலு அவருக்கே தெரியாம சத்தமா.

இனி எப்படி சொல்றது? அவருக்கு கேக்கணும்னா கத்தணும். கத்துனாலும் கேக்காது, தாமான் பூரா கேக்கும். என் எழுத்த எழுதி காட்டுனா, அண்ணே அதையும் மூஞ்சி பாத்துதான் படிக்கணும். இந்த போனு பேசுனா எழுதிக் குடுக்கும்னு அப்பவே எனக்கு தெரியுமான்னு கேட்டா, தெரியும். கஸ்டமருக்கு அதுலதான் மெசேஜு அனுப்பிக்கிட்டு இருந்தேன். அதான் விசயம்.

அதுக்கப்புறமும் சாயங்காலம் பெட்டிய போடுவாரு. தபால்காரன், கேஸ் கொண்டாறவன், எவன் வந்தாலும் ஹெட்போன மாட்டிவிட்டு, கோழிப் பாட்ட போட்டுட்டு எதுக்க நிப்பாரு. அவனுங்க சிரிப்பானுங்க. காமெடி பாட்டு, சிரிக்காம என்ன செய்வான். அண்ணே தலைய ஆட்டிட்டு கழட்டிருவாரு. “இல்ல. தம்பிக்கு வந்தது வரல”ம்பாரு. என்னயும் கூப்புட்டு அனுப்புவாரு. நான் வேல இருக்கு, சைட்ல இருக்கேன், ஈப்போவுலயே இல்லன்னு வேன நாலு வீடு தள்ளி நிறுத்திட்டு, உள்ளயே குந்திக்கிட்டு இருப்பேன். எந்த மூஞ்சிய நான் அவருக்கு காட்டுறது. நடிச்சா கண்டுபுடிச்சிருவாரு. நடிக்காட்டி, என் மூஞ்சியில எழுதியிருக்கும்.

அவரு போயி இப்ப கொஞ்ச நாளுதான் ஆவுது. கடைசியா ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனப்ப என் வேன்லதான். வழியில என் கைய புடிச்சி ஏதோ கேட்டாரு, நான்…

இருங்க, ஆச்சி அவங்க வீட்டு வாசக் கேட்டு பக்கத்துல நின்னு கூப்புடுறாங்க.

“என்ன ஆச்சி?”

“பெட்டிய போட்டுட்டேன் தம்பி, லைட்டு எரியுது, கோழிப் பாட்டையும் எடுத்து வெச்சிட்டேன். எப்படி ஓட விடுறதுன்னு தெரியல.”

“நீங்களா கேக்கப் போறீங்க?”

“அவரு அவ்ளோ நாளா அதுல என்னத்த கேட்டாரு, நானும் ஒரு தடவ கேட்டுறலாம்னுதான். நீ கூட வந்து குந்து. அந்த எடம் எங்க வருதுன்னு ஒனக்குத்தான் தெரியுமாம், ஒன்ன கேக்கச் சொல்லிட்டுதான் போனாரு.”

வாரேன் ஆச்சி.